கோதுமை மானியம் யார் கைக்குப் போகிறது? விட்மன் கவுண்டியை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி இது: "அமெரிக்காவில் கோதுமை விளையும் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் அரசு மானியம் வாங்கியவர்களின் பட்டியலைப் பார்த்தேன். ஒரே குடும்பப் பெயர் நாலைந்து முறை வருகிறது. சிலருடைய முகவரி தொலைதூரப் பெருநகரத்தில் இருக்கிறது. சிலருக்கு லட்சம் டாலர், பலருக்குச் சில நூறு டாலர். அந்த ஆண்டு கோதுமையே போடாதவர்களுக்கும் பணம் போகுமாமே? இது மோசடியா, சட்டப்படிதான் நடக்கிறதா?"

சட்டப்படிதான் நடக்கிறது. மோசடி அங்கங்கே இருக்கலாம். ஆனால் நீங்கள் கவனித்த நான்கு விஷயங்களும் நடக்க மோசடியே வேண்டியதில்லை, சட்டம் எழுதப்பட்ட விதமே போதும். அந்தப் பட்டியலை விளைச்சலுக்கான கூலிப் பட்டியலாகப் படித்தால் ஒன்றும் பொருந்தாது. நிலத்தின் பழைய சாகுபடிப் பதிவுக்குக் கொடுக்கும் பணம் என்று படித்தால் எல்லாம் பொருந்தும்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது, ஒரு கவுண்டியை (நம் ஊர் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு) எடுத்துக்கொள்வோம். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கில், ஐடஹோ எல்லையை ஒட்டி இருப்பது விட்மன் கவுண்டி. பெரும்பாலான ஆண்டுகளில் அமெரிக்காவிலேயே அதிகக் கோதுமை விளையும் கவுண்டி இதுதான். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 48,000. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பல்கலைக்கழக நகரமான புல்மனில். தலைநகரான கோல்ஃபாக்ஸ் சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். மற்றதெல்லாம் பலூஸ் என்று அழைக்கப்படும் மேடும் பள்ளமுமான நிலம், காற்று அடித்துக்கொண்டு வந்து குவித்த நுண்ணிய மண். சரிவு அதிகம் என்பதால் இங்கே ஓடும் அறுவடை இயந்திரங்களில் தனி அமைப்பு உண்டு: சக்கரங்கள் சரிவோடு சாய்ந்தாலும் மேலே இருக்கும் உடல் மட்டமாகவே நிற்கும். இல்லாவிட்டால் தானியம் ஒரு பக்கமாகச் சரிந்து, பதரோடு வெளியே போய்விடும். இலையுதிர் காலத்தில் விதைத்து, ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அறுக்கிறார்கள். பெரும்பகுதி மென்மையான வெள்ளைக் கோதுமை, கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் நூடுல்ஸுக்கும் போவது. ஸ்னேக் ஆற்றில் சரக்குப் படகேறி போர்ட்லாந்து துறைமுகம் போய், அங்கிருந்து ஜப்பான், பிலிப்பைன்ஸ், தென் கொரியா என்று போகிறது.

இங்கே நம் ஊர் நெல் கொள்முதல் நிலையம் மாதிரி ஒன்று கிடையாது. விவசாயி கூட்டுறவுக் கிடங்குக்கோ தனியார் வியாபாரிக்கோ சந்தை விலைக்குத்தான் விற்கிறார். அரசுப் பணம் அதற்கப்புறம், விற்ற மூட்டையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், தனியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. கொடுப்பது ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி என்ற மத்திய அரசு அமைப்பின் கவுண்டி அலுவலகம். அதன் மேல் உள்ளூர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழுவும் உண்டு. விவசாயி ஆண்டுதோறும் அங்கே போய், வான்வழிப் படத்தில் தன் வயல்களைக் காட்டி, எந்தத் துண்டில் என்ன போட்டிருக்கிறேன், எத்தனை ஏக்கர் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊர் அடங்கல் செய்யும் வேலையை அந்தப் படிவம் செய்கிறது.

இனிதான் பலர் தடுமாறும் இடம். அந்த ஆண்டு என்ன போட்டீர்கள் என்பதை அரசு கேட்டுப் பதிவு செய்கிறது, ஆனால் கோதுமைக்கான விலை ஆதரவுப் பணத்தை அதை வைத்துக் கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு பண்ணை எண்ணுக்கும் "பேஸ் ஏக்கர்" என்று ஒன்று பதிவில் இருக்கிறது. 1980களிலோ, 1998 முதல் 2001 வரையோ, 2009 முதல் 2012 வரையோ அந்த நிலத்தில் சராசரியாக எவ்வளவு கோதுமை போடப்பட்டது என்ற கணக்கிலிருந்து வந்தது அது. எந்தக் காலக் கணக்கு என்பது அந்தந்தச் சட்டம் கொடுத்த வாய்ப்பையும், நில உரிமையாளர் எடுத்த முடிவையும் பொறுத்தது. பணம் இந்த பேஸுக்குத்தான். இந்த ஆண்டு அதே மண்ணில் கொண்டைக்கடலை போட்டாலும் சரி, மசூர்ப் பருப்பு போட்டாலும் சரி, கோதுமை பேஸுக்கு உரிய பணம் வரும். விட்மனின் கிழக்குப் பகுதியில் இந்தப் பருப்பு வகைகள் நிறைய விளைகின்றன, இந்தியாவுக்கும் ஏற்றுமதியாகின்றன. காய்கறி, பழம் ஓர் அளவுக்கு மேல் போட்டால் மட்டும் பிடித்தம் உண்டு. ஆக, "கோதுமையே போடாதவர்களுக்கும் பணம்" என்பது உண்மை.

ஏன் இப்படி ஒரு வினோத ஏற்பாடு? 1930களில் மானியம் விளைச்சலோடும் ஏக்கரோடும் நேராகக் கட்டப்பட்டிருந்தது. விலை சரிந்து கிடந்ததால், குறைவாகப் போடு, பணம் தருகிறேன் என்றது 1933ஆம் ஆண்டுச் சட்டம். உச்ச நீதிமன்றம் 1936இல் அதைத் தள்ளியதும், 1938இல் வேறு உருவில் திரும்பி வந்தது. ஒஹையோவின் ராஸ்கோ ஃபில்பர்ன் என்ற விவசாயி 11.1 ஏக்கர் ஒதுக்கீட்டை மீறி 23 ஏக்கர் போட்டார். மிகுதிக் கோதுமையில் பெரும்பகுதி தன் பண்ணைத் தேவைக்கே என்று வாதாடினார். 1942இல் உச்ச நீதிமன்றம் அபராதம் செல்லும் என்றது. எத்தனை ஏக்கர் போடலாம் என்று அரசே சொல்லும் அந்த முறை பல வடிவங்களில் 1990கள் வரை நீடித்தது. அதை உடைத்தது 1996ஆம் ஆண்டுச் சட்டம். கான்சாஸின் கோதுமைப் பகுதியிலிருந்து போன பாட் ராபர்ட்ஸ்தான் அப்போது கீழவையின் வேளாண் குழுத் தலைவர். எதை வேண்டுமானாலும் போடு, பணம் பழைய பதிவுப்படி வரும் என்பது அதன் சாரம். மானியத்துக்காகவே கோதுமை போட்டுச் சந்தையை நிரப்ப வேண்டாம் என்ற அளவில் அது நல்ல யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன். கோளாறு எங்கே என்றால், பயிரிலிருந்து கழற்றிய பணத்தை நிலத்தில் மாட்டிவிட்டார்கள்.

அதன் அப்பட்டமான வடிவம் 2002 சட்டத்தின் நேரடித் தொகை. கோதுமைக்குப் புஷலுக்கு 52 சென்ட். (ஒரு புஷல் கோதுமை சுமார் 27.2 கிலோ.) விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே தொகை. 2007, 2008 பயிர்களுக்குச் சந்தை விலை 6 டாலரைத் தாண்டி ஓடியபோதும் அந்த 52 சென்ட் தவறாமல் வந்தது. விவசாயமே செய்யாத நில உரிமையாளர்களுக்கும் கோடிக்கணக்கான டாலர் போனதை 2006இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் விரிவாக வெளிக்கொண்டு வந்தது. 2014 சட்டம் அதை நிறுத்தியது.

இப்போது இருப்பவை இரண்டு. ஒன்று பிஎல்சி, விலை இழப்பு ஈடு. சட்டம் ஓர் ஆதார விலையை வைக்கிறது. 2014 முதல் 2024 வரை கோதுமைக்கு அது 5.50 டாலர். நாடு முழுவதற்குமான சராசரி விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தைக் கொடுக்கிறார்கள். இன்னொன்று ஏஆர்சி, கவுண்டியில் அந்தப் பயிரின் சராசரி வருமானம் ஓர் அளவுக்குக் கீழே விழுந்தால் கொடுப்பது. விவசாயி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். 2016 பயிருக்கு நாட்டின் சராசரி விலை 3.89 டாலர். ஆகவே பிஎல்சி தொகை புஷலுக்கு 1.61. உதாரணத்துக்கு ஒருவரிடம் 1,000 ஏக்கர் கோதுமை பேஸ், பதிவான மகசூல் ஏக்கருக்கு 60 புஷல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸில் 85 சதவீதத்துக்குத்தான் பணம், அதாவது 850 ஏக்கர். 850ஐ 60ஆல் பெருக்கினால் 51,000 புஷல். புஷலுக்கு 1.61 வீதம் 82,110 டாலர். அவர் அந்த ஆண்டு உண்மையில் ஏக்கருக்கு 95 புஷல் அறுத்தாரா, 40 அறுத்தாரா என்ற கேள்வியே இல்லை. பக்கத்தில் 10 ஏக்கர் பேஸ் வைத்திருப்பவருக்கு இதே விகிதத்தில் 821 டாலர். பட்டியலில் லட்சமும் சில நூறும் அருகருகே வருவது இந்தப் பெருக்கல் கணக்கால்தான். பெரிய பண்ணைக்கு யாரும் தனியாகச் சலுகை கொடுக்க வேண்டியதில்லை, ஏக்கர் கணக்கே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

உச்சவரம்பு இல்லையா என்றால், இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்று 2014 சட்டம் வைத்தது. மேலே சொன்ன பண்ணை 2,000 ஏக்கராக இருந்திருந்தால் 1,64,220 வந்திருக்கும், வரம்பைத் தாண்டியிருக்கும். ஆனால் வரம்பு ஆளுக்குத்தான், பண்ணைக்கு அல்ல. கணவனும் மனைவியும் இரண்டு ஆள். அண்ணன், தம்பி, மகன் எல்லோரும் கூட்டாளிகளாகச் சேர்ந்து பண்ணையை நடத்தினால், ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு. பண்ணை வேலையிலோ நிர்வாகத்திலோ முனைப்பாக ஈடுபட வேண்டும் என்று விதி சொல்கிறது. 2018 சட்டமோ "குடும்பம்" என்பதற்குள் ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகளையும், உடன்பிறந்தாரின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. ஒரே குடும்பப் பெயர் நாலைந்து முறை வருவதன் ரகசியம் இவ்வளவுதான். இதில் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பலூஸில் பல பண்ணைகளைத் தலைமுறை தலைமுறையாக அண்ணன் தம்பிகள் சேர்ந்தேதான் நடத்துகிறார்கள். அறுவடைக் காலத்தில் ஒருவர் இயந்திரத்தில், ஒருவர் தானிய வண்டியில், ஒருவர் கிடங்கில் என்று எல்லோருமே வேலையில் இருப்பார்கள். ஆனால் வேறு ஊரில் வேறு உத்தியோகம் பார்க்கும் உறவினர் தொலைபேசியில் நிர்வாகம் பார்ப்பதாகச் சொல்லி ஒரு வரம்பு எடுத்துக்கொள்ளவும் இதே விதி இடம் கொடுக்கிறது. அதை மூட வேண்டும்.

பெருநகர முகவரிக்கு வருவோம். இது குத்தகையைப் பொறுத்தது. பலூஸில் வாரக் குத்தகை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு நில உரிமையாளருக்கு, இரண்டு பங்கு உழுபவருக்கு என்பது பழகிய ஏற்பாடு. வாரத்தில் உரிமையாளரும் விளைச்சலின் நட்டத்தில் பங்கு எடுக்கிறார் என்பதால், மானியமும் அதே விகிதத்தில் பிரிகிறது. தாத்தா உழுத நிலத்தைப் பேத்தி சியாட்டிலில் இருந்துகொண்டு வாரத்துக்கு விட்டிருந்தால், அவர் பெயரில் ஒரு தொகை சியாட்டில் முகவரிக்குப் போகும். ரொக்கக் குத்தகை என்றால் மானியம் முழுவதும் உழுபவருக்கு. பட்டியலில் இது நியாயமாகத் தெரியும். ஆனால் அந்த நிலத்தில் எவ்வளவு பேஸ் இருக்கிறது, என்ன பணம் வரும் என்பது உரிமையாளருக்கும் தெரியும். அடுத்த முறை குத்தகை பேசும்போது அதைச் சேர்த்துத்தான் கேட்பார். உழுபவர் பெயரில் வந்த காசோலையில் ஒரு பகுதி குத்தகையாகத் திரும்பி நிலத்துக்கே போய்விடும். எந்தப் பகுதி என்பதில் பொருளாதார ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு பகுதி போகிறது என்பதில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

எனக்கு மனதை உறுத்துவது இந்த இடம்தான். நிலம் இல்லாமல், குத்தகைக்கு எடுத்து விவசாயம் தொடங்க நினைக்கும் 25 வயதுக்காரருக்கு இந்த மானியம் உதவியாக வருவதில்லை. குத்தகை உயர்வாகவும் நிலத்தின் விலை உயர்வாகவும்தான் வருகிறது. குடும்ப விவசாயத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி எழுதப்படும் சட்டம், புதிதாக ஒரு குடும்பம் உள்ளே வருவதைக் கடினமாக்குகிறது.

இரண்டாவது குறை, உண்மையிலேயே அடிபடும் ஆண்டில் இது கைகொடுக்காமல் போகலாம். 2021 கோடையில் வாஷிங்டன் மாநிலத்தில் கடும் வறட்சி, கடும் வெப்பம். முந்தைய ஆண்டு சுமார் 16.6 கோடி புஷலாக இருந்த மாநிலத்தின் கோதுமை விளைச்சல் ஏறக்குறைய பாதியாக, சுமார் 8.7 கோடியாக விழுந்தது. மணி சுருங்கிப்போனது, புரதம் ஏறியது. மென்மையான வெள்ளைக் கோதுமையில் புரதம் குறைவாக இருக்க வேண்டும் என்பார்கள் வாங்குபவர்கள், ஆக விளைந்ததிலும் தரச் சிக்கல். ஆனால் நாடு தழுவிய சராசரி விலை அந்தப் பயிருக்கு 7.63 டாலர். ஆதார விலையைவிட வெகு மேலே. பிஎல்சி எடுத்தவர்களுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. 2016இல் விலை படுத்தபோது நன்றாக விளைந்தவருக்கும் பணம், 2021இல் வயல் காய்ந்தவருக்கு ஒன்றுமில்லை.

அப்போது அவர்களைக் காப்பாற்றியது பயிர்க் காப்பீடு. அமெரிக்காவில் அரசின் பயிர்க் காப்பீடு 1938 சட்டத்தில் கோதுமையோடுதான் ஆரம்பித்தது. இன்று தனியார் நிறுவனங்கள் விற்கின்றன. பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு கட்டுகிறது, நிறுவனங்களின் நிர்வாகச் செலவையும் ஏற்கிறது. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், ஏனென்றால் இது விதைத்தவருக்கு, அவருடைய வயலில் விழுந்த இழப்புக்குக் கிடைக்கிறது. விவசாயியும் தன் பங்கைக் கட்டுகிறார். ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு. பிரீமியம் மானியத்துக்கு ஆள் வரம்பே கிடையாது. பெயர்வாரிப் பட்டியலும் வெளிவருவதில்லை. மற்ற மானியங்களின் பெயர்கள் வெளியே வந்ததற்கு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வேளாண் துறைக்கு எதிராகத் தொடுத்து 1996இல் வென்ற வழக்கு ஒரு முக்கியக் காரணம். காப்பீட்டுக்கும் அந்த வெளிச்சம் வேண்டும். பொதுப் பணம் எங்கே போனாலும் பெயர் தெரிய வேண்டும்.

இவை தவிர அவ்வப்போது அவசர நிதிகள். 2018இல் சீனாவோடு வர்த்தகச் சண்டை வந்தபோது ஈடாகக் கொடுத்த பணத்தில் கோதுமைக்குப் புஷலுக்கு 14 சென்ட், சோயாவுக்கு 1.65 டாலர். அதே 2018 மே மாதம், கோதுமைக்கும் நெல்லுக்கும் இந்தியா கொடுக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை வரம்பை மீறுகிறது என்று அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் எதிர் அறிக்கை தாக்கல் செய்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். 2020 கொரோனா நிதியின் முதல் சுற்றில் கோதுமையில் டூரம், கடின சிவப்பு வசந்தக் கோதுமை இரண்டுக்கும்தான் இடம். விட்மனின் வெள்ளைக் கோதுமைக்கு இடமில்லை, அடுத்த சுற்றில்தான் சேர்த்தார்கள். இப்படி அவசரத்தில் எழுதும் திட்டங்களில் யார் உள்ளே, யார் வெளியே என்பது பல நேரம் தற்செயலாகவே அமைகிறது.

பட்டியலில் சிலர் ஆண்டுதோறும் மாறாத ஒரே தொகை வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது அநேகமாக சிஆர்பி, 1985 சட்டத்தில் வந்த நிலப் பாதுகாப்புத் திட்டம். மண் அரிக்கும் சரிவுகளை உழாமல் புல்லும் புதரும் வளர்த்து விட்டால், 10 முதல் 15 ஆண்டுகளுக்கு அரசு வாடகை தருகிறது. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரம்பு. ஒரு கவுண்டியின் பயிர் நிலத்தில் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது, காரணம் உரக்கடை, கிடங்கு, இயந்திரக் கடை எல்லாம் படுத்துவிடும். பலூஸின் மண் அரிப்பு எவ்வளவு மோசமானது என்பதை வைத்துப் பார்த்தால், அங்கே போகும் பணத்தில் இது மிக நல்ல செலவு.

பட்டியலிலேயே வராத பொதுப் பணம் ஒன்றும் இந்தக் கவுண்டிக்குள் இருக்கிறது. புல்மனில் அரசு வேளாண் விஞ்ஞானியாக இருந்த ஆர்வில் வோகல், ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டைக் கோதுமையை உள்ளூர் ரகத்தோடு கலப்பு செய்து எடுத்த விதைகளை மெக்சிகோவில் இருந்த கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாகுக்குக் கொடுத்தார். 1961இல் வோகல் வெளியிட்ட கெய்ன்ஸ் ரகம் அந்தப் பகுதியின் மகசூலையே மாற்றியது. போர்லாகின் மெக்சிகோ ரகங்கள் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் போன்றவர்களின் முயற்சியால் இந்தியாவுக்கு வந்தன. ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்த சம்பளமும் வயல் செலவும் செய்த வேலையை, இத்தனை ஆண்டு பேஸ் ஏக்கர் பணம் செய்ததா என்று கேட்டால், என் பதில் இல்லை என்பதுதான்.

கடைசியாக இப்போதைய நிலை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் கோதுமையின் ஆதார விலையை 5.50இலிருந்து 6.35 டாலராக உயர்த்தியது. ஆள் வரம்பு 1,55,000 ஆனது, இனி விலைவாசியோடு சேர்ந்து ஏறும். முன்பு சில வகை நிறுவனங்களாகப் பதிவு செய்தவர்களுக்கு மொத்தமாக ஒரே வரம்பு, இப்போது உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஆகவே பெரிய தொகைகள் இன்னும் பெரிதாகும். ஒரே ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை. 2019 முதல் 2023 வரை பயிரிட்டும் பேஸ் இல்லாமல் இருந்த நிலங்களுக்காக, நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. பேஸ் இல்லாத நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இத்தனை நாள் வெறும் கையோடு நின்றவர்களில் சிலர் உள்ளே வரலாம், குத்தகை உடனே ஏறிவிடாமல் இருந்தால். புதிய பேஸ் 2026 பயிரிலிருந்து கணக்கில் வருகிறது, அதற்கான பணம் வருவதானால் 2027 அக்டோபருக்கு அப்புறம்தான். அந்த ஆண்டுப் பட்டியல் வந்ததும் நீங்கள் பார்த்த பட்டியலோடு பக்கத்தில் வைத்து, புதிதாக வந்திருக்கும் பெயர்கள் எத்தனை, அவற்றில் கவுண்டிக்குள்ளேயே முகவரி உள்ளவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.